பென்சாவிலிருந்து வந்தவர்: வரலாற்றாசிரியர் க்ளுச்செவ்ஸ்கியின் முதல் முப்பது ஆண்டுகள்

ரஷ்ய வரலாற்றுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் படிக்க நேரம் இருக்கிறது, யாரைப் படிப்பது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பெயர் வசீலி ஒசிப்போவிச் க்ளுச்செவ்ஸ்கி. பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக அவர் நடத்திய பாடங்கள் 1904-இல் தொடங்கித் தொகுதி தொகுதியாக அச்சாயின. ஐந்தாவது தொகுதி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். அதைக் கையில் எடுக்கிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். ஜார்கள் வருகிறார்கள், போர்கள் வருகின்றன, ஆனால் அதற்கெல்லாம் முன்னால் காடு வருகிறது, புல்வெளி வருகிறது, ஆறு வருகிறது. வரி யார் கட்டினார்கள், எந்த வகுப்பு எந்த வகுப்பின் முதுகில் உட்கார்ந்திருந்தது, குடியானவன் ஏன் நிலத்தை விட்டு நிலம் போய்க்கொண்டே இருந்தான் என்பதெல்லாம் வருகிறது. ரஷ்யாவின் வரலாறு என்பது குடியேறிக்கொண்டே போகும் ஒரு நாட்டின் வரலாறு என்று அவர் எழுதிய வரி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. க்ளுச்செவ்ஸ்கியிடமே கேட்டிருந்தால் இந்தக் கேள்வியை அவர் ஒதுக்கித் தள்ளியிருக்கவும் கூடும். தன் ஆசிரியர் சொலொவியோவைப் பற்றி எழுதும்போது, அறிஞனின் வாழ்க்கையில் முக்கியமான நிகழ்ச்சிகள் புத்தகங்கள்தான், பெரிய சம்பவங்கள் சிந்தனைகள்தான் என்று எழுதியவர் அவர். அவர் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு, ஆனால் அவர் விஷயத்திலேயே இது பொருந்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் பிறந்த மாகாணம், பிறந்த வீடு, பிறந்த சமூக அடுக்கு, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு படித்தால் அவருடைய புத்தகங்களில் பல பக்கங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

முதலில் இடம். க்ளுச்செவ்ஸ்கி பிறந்தது 1841 ஜனவரியில், பென்சா மாகாணத்தில் வஸ்கிரெசெனொவ்கா என்ற கிராமத்தில். பென்சா நகரம் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, சூரா ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய அரசவையோ பெரிய மடாலயமோ தோற்றுவித்த ஊர் இல்லை அது. 1663-இல் புல்வெளிப் பக்கமிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க அரசு கட்டிய கோட்டை. காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற எல்லை. ரஷ்யக் குடியானவர்கள் வருவதற்கு முன்பே மொர்த்வின்களும் தாத்தார்களும் அங்கே இருந்தார்கள், வந்த பிறகும் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள். கோட்டைக்குப் பின்னால் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்தார்கள், அப்புறம் பிரபுக்களுக்குக் கொடுத்தார்கள், பிரபுக்கள் தங்கள் பண்ணையடிமைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1774-இல் புகச்சோவின் கலகப் படை பென்சாவுக்குள் நுழைந்தபோது அந்த ஊருக்கு வயது நூற்றுச் சொச்சம்தான்.

ஆக, குடியேற்றம்தான் ரஷ்ய வரலாற்றின் அடிப்படை உண்மை என்று பின்னாளில் சொன்ன மனிதர், குடியேற்றத்தால் உண்டான ஒரு மாகாணத்தில் வளர்ந்தார். அதனால்தான் அவருக்கு அந்தக் கருத்து தோன்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சொலொவியோவும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவர் மாஸ்கோக்காரர். ஆனால் சொலொவியோவின் எழுத்தில் அது ஒரு விதி மாதிரி நிற்கிறது. க்ளுச்செவ்ஸ்கியின் எழுத்திலோ காட்டை வெட்டி எரித்து, சில வருஷம் விதைத்து, மண் களைத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிற ஒரு ஆள் தெரிகிறான். அவனுக்கு மழை எப்போது வரும், கோடைக்காலம் எவ்வளவு குறுகியது, அந்தக் குறுகிய காலத்தில் எப்படி முறிந்துவிழும் அளவுக்கு உழைக்கவேண்டும் என்பதெல்லாம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்க முடியாது.

அடுத்தது வீடு. அப்பா ஒசிப் வசீலியெவிச் கிராமத்துப் பாதிரியார். தாய் ஆன்னா ஃபியோதரொவ்னாவும் பாதிரியார் குடும்பத்தில் வந்தவர்தான். ரஷ்யாவில் அப்போது பாதிரியார்கள் தனி வகுப்பாகவே வாழ்ந்தார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஊர்ப் பாதிரியார் மணம் செய்துகொண்டவராக இருப்பார், அவர் பையன் திருச்சபைப் பள்ளிக்குப் போவான், பிறகு குருமடத்துக்குப் போவான், பாதிரியார் மகளைக் கட்டிக்கொள்வான், ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் வேலைக்கு உட்காருவான். வெளியே போக வழி ரொம்பக் குறுகலாக இருந்தது. வருமானம் என்று பார்த்தால் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு இவற்றுக்கு ஊர்க்காரர்கள் கொடுக்கிற சில்லறையும், தேவாலயத்துக்கென்று ஒதுக்கிய துண்டு நிலமும்தான். அந்த நிலத்தைப் பாதிரியார் தானே உழுவதும் உண்டு.

இந்த நிலைமையின் விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். குடியானவனைப் போலவே மண்ணோடும் சேற்றோடும் வாழ்க்கை. ஆனால் வீட்டில் புத்தகம் உண்டு, எழுத்து உண்டு, திருச்சபை ஸ்லாவோனிய மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். பிரபு வீட்டுக்குள் போகலாம், ஆனால் சமமாக உட்கார முடியாது. குடியானவன் மரியாதையாகக் கும்பிடுவான், ஆனால் தன்னுடைய ஆளாக நினைக்கமாட்டான். இரண்டு பக்கத்தையும் கிட்டே இருந்து பார்க்கலாம், எந்தப் பக்கமும் சொந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்ய அறிவுலகத்துக்குள் வந்து அதையே புரட்டிப்போட்ட பலர் இந்த வகுப்பின் பிள்ளைகள். சரத்தோவிலிருந்து வந்த செர்னிஷெவ்ஸ்கி பாதிரியார் மகன். நீஷ்னி நோவ்கரதிலிருந்து வந்த தப்ரல்யூபவ் பாதிரியார் மகன். சொலொவியோவின் அப்பாவும் பாதிரியார்தான், மாஸ்கோவில் ஒரு வணிகப் பள்ளியில் சமயபாடம் நடத்தியவர். பிரபு வீட்டுப் பிள்ளைகள் வரலாறு எழுதும்போது, மூதாதையர் செய்த காரியங்களைப் பற்றி எழுதுகிற தொனி எப்படியாவது உள்ளே வந்துவிடும். பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சுமை இல்லை. அரசு என்பது அவர்களுக்கு எப்போதும் மேலே இருந்து இறங்கி வருகிற ஒன்று.

ஒசிப் வசீலியெவிச் பையனுக்குத் தானே எழுத்தும் வாசிப்பும் தேவாலய இசையும் சொல்லிக்கொடுத்தார். அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1850 ஆகஸ்டில் அவர் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது இடியும் மழையுமாக ஒரு பெரிய புயல் பிடித்துக்கொண்டது. வண்டி கவிழ்ந்தது என்றும், நினைவிழந்து நீரில் விழுந்து மூச்சுத் திணறி இறந்தார் என்றும் சொல்கிறார்கள். வீட்டார் போய்ப் பார்த்தபோது சாலையில் பிணமாகக் கிடந்தார். வசீலிக்கு அப்போது வயது 9.

அதற்குப் பிறகு பையனின் பேச்சு திக்க ஆரம்பித்தது என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்லும் கதை. அதிர்ச்சியால் வந்ததா, முன்பே லேசாக இருந்து கூடியதா என்பதை இன்று யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. விளைவு மட்டும் தெளிவு. தாய் சின்னப் பிள்ளைகளோடு பென்சா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கணவரின் நண்பரான ஒரு பாதிரியார் தன் சின்ன வீட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். உறவுக்காரர்களின் உதவியிலும் திருச்சபை கொடுத்த உதவித்தொகையிலும் காலம் ஓடியது. பையன் சேர்ந்த திருச்சபைப் பள்ளியில் பாடம் என்றால் மனப்பாடம், மனப்பாடம் என்றால் எழுந்து நின்று உரக்க ஒப்பிப்பது. லத்தீனும் கிரேக்கமும் வாய்ப்பாடமாக ஒப்பிக்கவேண்டிய இடத்தில், முதல் சொல்லே வெளியே வராமல் நிற்கிற பையன். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியர்கள் தாயிடம் சொல்லிவிட்டார்கள். பள்ளியை விட்டு அனுப்பினால் உதவித்தொகை போகும், அதோடு எதிர்காலமும் போகும். தாய் கெஞ்சினார். பிறகு, குருமடத்தில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பையனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த மாணவர் என்ன செய்தாரோ, பையன் மெல்ல மெல்லத் தேறினான். திக்கல் அடியோடு போகவில்லை, கட்டுக்குள் வந்தது. சொற்களை நிறுத்தி நிறுத்தி, தேர்ந்து தேர்ந்து, இடைவெளி விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டான்.

இந்த இடைவெளிதான் பின்னாளில் மாஸ்கோவே பேசிக்கொண்ட க்ளுச்செவ்ஸ்கியின் பேச்சுநடை ஆயிற்று. 1880-களில் அவர் வகுப்புக்கு மற்றத் துறை மாணவர்களெல்லாம் வந்து இடம்பிடித்தார்கள். கேட்டவர்கள் எழுதிவைத்ததைப் பார்த்தால், மெல்லிய குரல், அவசரமில்லாத பேச்சு, முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் அரங்கமே காத்திருக்கும், அப்புறம் அந்தச் சொல் வந்து விழும். கேட்கிறவர்கள் உங்கள் சொற்களைக் கேட்கக் கூடாது, நீங்கள் பேசும் பொருளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். பாடகர் ஷல்யாப்பின், இசைநாடகத்தில் ஜார் பரீஸ் கதுனோவ் வேடத்துக்காக 1898-இல் அவரிடம் வந்து அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டபோது, காட்டுப் பாதையில் நடந்துகொண்டே வஞ்சகப் பிரபு ஷூய்ஸ்கியாகவே மாறி நடித்துக் காட்டினாராம் க்ளுச்செவ்ஸ்கி. ஷல்யாப்பின் அசந்துபோய் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

திக்குவாய்ப் பையன் பெரும் பேச்சாளன் ஆனான் என்று கதையை இத்தோடு முடிப்பவர்கள் அதிகம். எனக்கு அது போதவில்லை. திக்கல் அவருடைய பேச்சை மட்டும் மாற்றவில்லை, எழுத்தையும் மாற்றியது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுவதற்குமுன் உள்ளே எடைபோட்டுப் பழகிய ஒருவர்தான் ஒரு நூற்றாண்டின் நிதிக் கொள்கையையும் போர்ச் செலவையும் ‘அரசு வீங்கியது, மக்கள் மெலிந்தார்கள்’ என்று ஒரே வரியில் அடைக்க முடியும். அவருடைய குறிப்பேடுகளில் இதுபோன்ற வரிகள் ஏராளம் கிடைக்கின்றன. 1968-இல் அவருடைய கடிதங்களோடும் நாட்குறிப்போடும் சேர்ந்து அவை அச்சில் வந்தன.

1856-இல் பென்சா குருமடத்தில் சேர்ந்தார். ரஷ்யக் குருமடங்களைப் பற்றி அங்கே படித்தவர்கள் எழுதியதில் அடி, பசி, அர்த்தமில்லாத மனப்பாடம் இவைதான் நிறைய வரும், அதில் பொய்யில்லை. ஆனால் தர்க்கம், சொற்கலை, பழைய மொழிகள் இவற்றில் அது கொடுத்த பயிற்சி கடுமையானது. ஒரு வாக்கியத்தை எடுத்து, அதன் எழுவாய் எங்கே, முடிவு எந்த முன்கூற்றிலிருந்து வருகிறது என்று பிரித்துப் போடுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது. க்ளுச்செவ்ஸ்கி வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காசு சம்பாதித்து வீட்டுக்குக் கொடுத்தார். பதினைந்து பதினாறு வயதிலேயே ஆசிரியர் வேலை.

அந்த வருஷங்கள் சாதாரண வருஷங்கள் இல்லை. 1855-இல் முதலாம் நிக்கலாய் இறந்தார், 1856-இல் கிரிமியப் போர் தோல்வியில் முடிந்தது, புதிய ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழிக்கப்போகிறார் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. தடித்த மாத இதழ்கள் கைமாறிக் கைமாறிக் குருமடத்துக்குள்ளும் வந்தன. வரலாற்றில் கரம்சினையும் சொலொவியோவையும் பையன்கள் தேடிப் படித்தார்கள். கசானிலிருந்து இன்னொரு குரல் வந்தது. ஷாப்பவ் என்ற இளம் பேராசிரியர், அவரும் தேவாலய ஊழியர் மகன், ரஷ்ய வரலாற்றை அரசின் பக்கமிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு மக்களின் பக்கமிருந்து, வட்டாரங்களின் பக்கமிருந்து, திருச்சபையிலிருந்து பிரிந்துபோன பழைய நம்பிக்கைக்காரர்களின் பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். பென்சா குருமடத்தில் நன்றாகப் படிக்கிறவர்கள் அடுத்துப் போகவேண்டிய இடம் கசான் திருச்சபைக் கல்விக்கழகம், ஆகவே அங்கே நடப்பது இங்கே உடனுக்குடன் தெரியும்.

க்ளுச்செவ்ஸ்கிக்கும் அந்தப் பாதைதான் போட்டு வைத்திருந்தார்கள். திருச்சபைச் செலவில் படித்தவர், முதல்தர மாணவர், கசானுக்குப் போய்த் தேறி வந்தால் பெரிய பதவி. அவர் போக மறுத்தார். 1860-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், படிப்பு முடிவதற்கு முன்பே, தன்னைக் குருமடத்திலிருந்து விடுவிக்கும்படி மனுக் கொடுத்தார். உடல்நலம் சரியில்லை என்று காரணம் எழுதினார், உண்மையான காரணம் மாஸ்கோ பல்கலைக்கழகம். முடிவு பேராயர் வர்லாம் கையில் இருந்தது. பையன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை, திருச்சபைப் பணியில் இருக்க விருப்பமில்லை என்றால் தடையில்லாமல் போகவிடலாம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு தேசத்தின் வரலாற்றெழுத்தே அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வது எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

ஏழை விதவையின் ஒரே மகன், கையில் இருந்த நிச்சயமான பிழைப்பை உதறிவிட்டு 600 கிலோமீட்டர் தூரம் போகிறான். பயணச் செலவுக்கு உறவினரான ஒரு பாதிரியார் உதவினார். பென்சாவுக்கு ரயில் வர இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது. 1861 கோடையில் குதிரை வண்டியில் கிளம்பினார். அந்த வருஷம் பிப்ரவரியில் பண்ணையடிமை ஒழிப்பு அறிக்கையில் ஜார் கையெழுத்திட்டிருந்தார். ஏப்ரலில், நிலம் இலவசமாகக் கிடைக்கவில்லை, இன்னும் வேலை செய்யவேண்டும், இதுவா விடுதலை என்று பென்சா மாகாணத்திலேயே, கந்தியெவ்கா பக்கத்தில், குடியானவர்கள் திரண்டு செங்கொடி ஏற்றி ஊர்வலம் போனார்கள், படை வந்து சுட்டது. அதே மாதம் கசான் மாகாணத்தில் பெஸ்த்னா கிராமத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட குடியானவர்களுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியதற்காக ஷாப்பவ் கைதானார். இருபது வயதுப் பையன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாஸ்கோவுக்குள் நுழைந்தான்.

மாஸ்கோவில் வரலாறு–மொழியியல் துறை. இந்தக் காலத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்குக் காரணம் அவர் பென்சா நண்பன் பர்ஃபீரி க்வோஸ்தேவுக்கு எழுதிய கடிதங்கள். அவை 1924-இல் அச்சில் வந்தன. எந்தப் பேராசிரியர் என்ன சொன்னார், எப்படி நின்றார், மாணவர்கள் என்ன முணுமுணுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தத்துவப் பேராசிரியர் யுர்கேவிச்சின் வகுப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் நாமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது போலவே இருக்கும்.

அவரை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபியோதர் புஸ்லாயேவ். பழைய மொழி, நாட்டார் பாடல், திருவுருவ ஓவியம் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். ஒரு பழைய சொல்லுக்குள், ஒரு பழமொழிக்குள் ஒரு சமூகத்தின் வாழ்க்கை உறைந்து கிடக்கிறது, அதைப் பதமாக வெளியே எடுக்கலாம் என்பது புஸ்லாயேவின் பாடம். இன்னொருவர் செர்கேய் சொலொவியோவ். 1851-இலிருந்து வருஷத்துக்கு ஒரு தொகுதி வீதம் ரஷ்ய வரலாற்றை எழுதிக்கொண்டே இருந்த மனிதர், கடைசியில் 29 தொகுதிகள். மேடையில் கண்களை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுவார் என்று க்ளுச்செவ்ஸ்கி எழுதியிருக்கிறார். அழகுப் பேச்சு இல்லை. உண்மைகள் ஒன்றுக்கொன்று காரணமாகச் சங்கிலி போல வந்துகொண்டிருக்கும், கேட்டு முடிக்கும்போது ஒரு நாட்டின் வரலாறு தற்செயல்களின் குவியல் இல்லை, உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று புரியும். சொலொவியோவுக்கு அந்த ஒழுங்கின் முதுகெலும்பு அரசு. க்ளுச்செவ்ஸ்கி ஒழுங்கை எடுத்துக்கொண்டார். முதுகெலும்பு எது என்பதில் பிறகு மெல்ல விலகினார். புஸ்லாயேவும் ஷாப்பவும் அவருக்குள் இருந்தார்கள், பென்சாவும் இருந்தது.

அரசியல் அவரைச் சுற்றி எப்போதும் இருந்தது, அவர் உள்ளே இறங்கவில்லை. 1861 அக்டோபரில் மாஸ்கோ மாணவர்கள் ஆளுநர் மாளிகைக்கு ஊர்வலம் போய் அடிவாங்கினார்கள். முதலாண்டு மாணவரான க்ளுச்செவ்ஸ்கி சேரவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். ட்யூஷன் காசில் சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்பவேண்டிய பையனுக்குப் பல்கலைக்கழகத்தை விட்டுத் துரத்தப்படுவது என்பது முடிவு, திரும்பிப் போக ஒரு பண்ணை வீடு அவனுக்கு இல்லை. பென்சாவில் படித்த இஷுதினும் கரகோசவும் மாஸ்கோவில் ரகசியக் குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். க்ளுச்செவ்ஸ்கிக்கு அவர்களோடு ஊர்ப் பழக்கம் இருந்தது. ஒருமுறை அவரையும் இழுக்கப் பார்த்தபோது இஷுதின் குறுக்கிட்டு, இவனை விடுங்கள், இவன் பாதை வேறு, இவன் அறிஞனாவான் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1866 ஏப்ரலில் கரகோசவ் ஜாரைச் சுட்டுத் தவறவிட்டு, செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். இஷுதின் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார்.

அதே 1866-இல் க்ளுச்செவ்ஸ்கியின் முதல் புத்தகம் வந்தது. படிப்பு முடிக்கும்போது எழுதிய ஆய்வு அது, தங்கப் பதக்கம் பெற்றது: பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரை மாஸ்கோ அரசைப் பார்த்த வெளிநாட்டவர் சொன்னவை. ஹெர்பெர்ஷ்டைன், ஃப்ளெட்சர், ஒலியாரியஸ் என்று தூதர்களும் பயணிகளும் எழுதிவைத்த பல குறிப்புகளை எடுத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்விகள் ஒரு மாணவனின் கேள்விகள் போல இல்லை. பாதை எப்படி இருந்தது, ஊர் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று இருந்தது, எதை விதைத்தார்கள், வரி எப்படி வசூலித்தார்கள், காசு எப்படி இருந்தது. உள்ளூர்க்காரன் தினமும் பார்ப்பதால் எழுதாமல் விடுகிற விஷயம்தான் அந்நியன் கண்ணில் முதலில் படும், ஆகவே அன்றாட வாழ்க்கையைப் பிடிக்க அந்நியனின் குறிப்புகள் பயன்படும் என்பது முன்னுரையிலேயே இருக்கிறது. 25 வயதில் வெளியிட்டது இது. அன்றாட வாழ்க்கையின் வரலாறு என்று இன்று தனித்துறையாகப் பேசுகிறோமே, அதன் வாசலில் இந்தப் பையன் அப்போதே நிற்கிறான்.

அப்புறம் வந்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய உருவாக்கத்தில் முக்கியமான கட்டம். பல வாழ்க்கை வரலாறுகள் இதை வேகமாகக் கடந்துவிடுகின்றன. முதுநிலை ஆய்வுக்குச் சொலொவியோவின் ஆலோசனைப்படி அவர் எடுத்த திட்டம் இது: வடகிழக்கு ரஷ்யாவின் காடுகளில் மக்கள் எப்படிக் குடியேறினார்கள், அதில் மடாலயங்களின் பங்கு என்ன? துறவி ஒருவர் காட்டுக்குள் போய்க் குடிசை போடுகிறார், சீடர்கள் சேர்கிறார்கள், மடம் உண்டாகிறது, பின்னாலேயே குடியானவர்கள் வந்து காட்டைத் திருத்துகிறார்கள். இதைப் புனிதர் சரிதங்களை வைத்துப் படிப்படியாகக் காட்டலாம் என்பது எதிர்பார்ப்பு. வெள்ளைக் கடலில் இருக்கும் சொலவெத்ஸ்கி மடாலயத்தின் பொருளாதாரத்தைப் பற்றி முதலில் ஒரு கட்டுரை எழுதினார், நன்றாகவே வந்தது. பிறகு சரிதங்களுக்குள் இறங்கினார். 150-க்கும் மேற்பட்ட புனிதர்களின் சரிதங்கள், ஒவ்வொன்றுக்கும் பல வடிவங்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் நூலகங்களில் சிதறிக் கிடந்த பல கையெழுத்துப் பிரதிகள். மொத்தம் ஆயிரக்கணக்கில் பிரதிகளைப் பார்த்தார். வருஷங்கள் ஓடின.

கிடைத்தது என்ன? அவர் தேடிப்போனது அங்கே இல்லை. சரிதம் எழுதியவர்களுக்குக் காடும் வயலும் முக்கியமே இல்லை. பக்தியுள்ள பெற்றோர், விளையாட்டை வெறுத்த குழந்தை, உலகைத் துறந்த இளைஞன், பேயின் சோதனை, அற்புதம், நல்ல மரணம் என்று ஒரு வார்ப்பு இருந்தது, அதில் பெயரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். பக்கோமி என்ற செர்பியத் துறவி போன்றவர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்கள். ஒருவர் சரிதத்திலிருந்து இன்னொருவர் சரிதத்துக்குப் பத்தி பத்தியாகப் பெயர்த்தார்கள். பின்னாளில் தன் பாடங்களில் அவர் இதைச் சுருக்கிச் சொன்னார்: சரிதத்தில் வரும் புனிதரின் உருவம் ஆள்படம் இல்லை, அது திருவுருவம்.

வேறு ஒருவராக இருந்தால் கிடைத்த சில துணுக்குகளை ஒட்டவைத்து, தான் முதலில் நினைத்ததையே நிறுவிவிட்டுப் போயிருப்பார். க்ளுச்செவ்ஸ்கி தலைப்பையே மாற்றினார். புனிதர் சரிதங்கள் வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தாங்கும் என்பதே ஆய்வின் பொருள் ஆயிற்று, எவ்வளவு குறைவாகத் தாங்கும் என்பதே விடை ஆயிற்று. 1871-இல் புத்தகம் வந்தது, 1872-இல் பட்டத்துக்கான விவாதம் நடந்தது. பாதிரியார் மகன், குருமடத்தில் இந்தச் சரிதங்களையே கேட்டு வளர்ந்தவன், அவற்றைப் பரிகாசம் செய்யாமலும் அவற்றுக்குப் பணியாமலும், இது இன்ன காரியத்துக்காக எழுதப்பட்டது, ஆகவே இதிலிருந்து இன்னது எடுக்கலாம், இன்னது எடுக்கக் கூடாது என்று வரி வரியாகச் சொல்கிறான். இந்த நிதானத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரு நாத்திகனாலும் முடியாது, உள்ளேயே இருந்துவிட்ட ஒரு பக்தனாலும் முடியாது. திருச்சபை மொழி அவருக்குத் தாய்மொழிபோல வந்தது, திருச்சபைப் பதவி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் இந்தப் புத்தகம் சாத்தியமாயிற்று.

இதனால் அவர் மனம் ரொம்பவே சோர்ந்தது என்பதும் உண்மை, வறண்ட வேலை என்று அலுத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு எந்தச் சான்றையும் அவர் முகமதிப்பில் எடுக்கவில்லை. காடுகளில் நடந்த குடியேற்றத்தைச் சரிதங்கள் சொல்லாவிட்டால் என்ன, வரிக் கணக்கேடுகளும் நில ஆவணங்களும் சொல்லும் என்று திரும்பினார். 1880-இலிருந்து ஒரு மாத இதழில் தொடராக எழுதி, 1882-இல் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த, பயார் அவை (ஆட்சியாளருக்கு ஆலோசனை சொன்ன பெரும் பிரபுக்களின் சபை) பற்றிய நூலில் அந்த அவையின் சட்டதிட்டங்களைவிட, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்த வகுப்பிலிருந்து வந்தார்கள், அந்த வகுப்பின் சொத்து எது, அது எப்படி மாறியது என்பதே மையம். சொலொவியோவின் அரசை மேலே வைத்துவிட்டு, அதைத் தாங்கும் அடித்தளத்தை அவர் தோண்டினார்.

நடுவில் வாழ்க்கையும் போய்க்கொண்டிருந்தது. 1867-இலிருந்து மாஸ்கோவின் அலெக்சாந்தர் ராணுவப் பள்ளியில் வரலாறு நடத்தினார். 1869-இல் அனீஸ்யா பரதீனாவை மணந்தார். 1871-இல் மாஸ்கோ திருச்சபைக் கல்விக்கழகத்தில் வேலை கிடைத்தது, செர்கியெவ் பொசாதில், புனித செர்கியின் மடாலய மதிலுக்குள். கசானுக்குப் போகமாட்டேன் என்று குருமடத்தை விட்டு வந்தவர் இங்கே வருங்காலப் பாதிரியார்களுக்கும் பேராயர்களுக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் பாடம் நடத்தினார். 1872-இல் பெண்களுக்காகப் பேராசிரியர் கெர்யே தொடங்கிய உயர்கல்வி வகுப்புகளிலும் அவர் இருந்தார். ஆக, ராணுவ மாணவன், குருமட மாணவன், பல்கலைக்கழகத்தில் நுழைய அனுமதியில்லாத பெண்கள் என்று மூன்று விதமான கூட்டத்துக்கு ஒரே வரலாற்றைச் சொல்லவேண்டியிருந்தது. எந்தக் கூட்டத்துக்கு எந்த உதாரணம் பிடிக்கும், எங்கே தூங்கிவிடுவார்கள், எங்கே நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதை அவர் கற்றுக்கொண்டது இந்த வகுப்புகளில்தான். 1904-இல் அச்சான பாடங்கள் அவ்வளவு வாசிக்கத் தகுந்தவையாக இருப்பதற்கு இந்தப் பன்னிரண்டு வருஷ உழைப்பு பெரிய காரணம், எழுதி எழுதி அல்ல, சொல்லிச் சொல்லி இழைத்த வாக்கியங்கள் அவை.

1879 அக்டோபரில் சொலொவியோவ் இறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் இடத்துக்கு யாரை அழைப்பது என்பதில் பெரிய விவாதமெல்லாம் தேவைப்படவில்லை. டிசம்பரில், 38 வயதில், க்ளுச்செவ்ஸ்கி அந்த மேடையில் ஏறி முதல் வகுப்பை நடத்தினார். மில்யுகோவ், கிஸெவெத்தெர், பகஸ்லோவ்ஸ்கி, லியுபாவ்ஸ்கி என்று அடுத்த தலைமுறை வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அந்த அரங்கத்திலிருந்துதான் வந்தார்கள்.